பிரீமியத்தைச் சேர்க்காமல் வரியைப் பேச முடியாது

கேள்வி: "அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தாலே வரி, பணக்காரர்களின் சொத்து, மருத்துவக் காப்பீடு என்று இந்த மூன்றைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். இவ்வளவு பணம் உள்ள நாட்டில் இது ஏன் இத்தனை வருடமாகத் தீரவில்லை? இதில் யார் சொல்வது சரி?"

மூன்றையும் மூன்று தனிப் பிரச்சினைகளாக மேடையில் பேசுவதுதான் தீராததற்கு முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு அமெரிக்கக் குடும்பம் அரசாங்கத்துக்குக் கட்டினால் அது வரி. அதே குடும்பம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டினால் அது பிரீமியம். தேர்தல் விவாதத்தில் முதலாவதைக் காசு விடாமல் எண்ணுவார்கள். இரண்டாவதைக் கணக்கிலேயே கொண்டுவர மாட்டார்கள். நான் நியூ ஜெர்சியில் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அதனால் கட்சிப் பேச்சாக இல்லாமல் சம்பளக் கணக்காகவே இதைச் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கொரோனா வருவதற்கு முந்தைய ஆண்டு. இந்த மூன்றும் மிகக் காரமாக விவாதிக்கப்பட்ட ஆண்டும் அதுவே. கைசர் குடும்ப அறக்கட்டளை ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, வேலை செய்யும் இடத்தின் மூலம் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டுக்கு அந்த வருடம் சராசரிப் பிரீமியம் 20,576 டாலர். இதில் ஊழியரின் சம்பளத்தில் பிடித்தது 6,015 டாலர். மீதி 14,561 டாலரை நிறுவனம் கட்டியது.

இப்போது கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள், ஒருவர் மட்டும் வேலை, ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர் என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியத்துக்கு வரி கிடையாது. அந்த ஆண்டு தம்பதிக்கான நிலையான கழிவு, அதாவது வரி போடாமல் விடும் தொகை, 24,400 டாலர். மீதிக்கு 10 சதவீதம், 12 சதவீதம் என்று வரி போட்டால் மூவாயிரத்துச் சொச்சம் டாலர் வரும். அப்போது குழந்தைக்கு 2,000 டாலர் வீதம் வரிச் சலுகை இருந்தது என்பதால் அதுவும் கழிந்துவிடும். ஆக, இந்தக் குடும்பம் கட்டும் மத்திய வருமான வரி பூஜ்யம். ஓய்வூதியத்துக்கும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கும் பிடிக்கும் 7.65 சதவீதச் சம்பள வரி மட்டும் நாலாயிரம் டாலருக்குச் சற்று மேலே வரும். அப்புறம் பிரீமியம், 20,576 டாலர்.

நிறுவனம் கட்டும் பங்கு ஊழியரின் பணமா என்று கேட்கலாம். ஊழியருக்காக நிறுவனம் ஒதுக்கும் மொத்தச் செலவில் அது ஒரு பகுதி. பிரீமியம் ஏறினால் சம்பள உயர்வு குறையும். பெரும்பாலான பொருளாதார நிபுணர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். சம்பளத்தையும் நிறுவனத்தின் பங்கையும் கூட்டினால் 74,561 டாலர். அதில் 27 சதவீதத்துக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது. அதே நிறுவனத்தில் ஆறு லட்சம் டாலர் வாங்கும் உயரதிகாரியும் அதே பாலிசியில் இருந்தால் அவருக்கும் அதே 20,576 டாலர்தான். அவருடைய கணக்கில் அது மூன்று சதவீதச் சொச்சம். ஏழை, பணக்காரன் பார்க்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது தலைவரி. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் இம்மானுவேல் சாயஸும் கேப்ரியல் சுக்மேனும் பல வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள். அவர்களுடைய மற்ற கணக்குகளில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதைத் தினமும் சம்பளப் பட்டியலில் பார்க்கிறேன்.

இந்தத் தொகை ரகசியமும் அல்ல. வருடா வருடம் ஜனவரியில் நிறுவனம் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றுப் படிவத்தில் 12-ஆம் பெட்டியில் 'டிடி' என்ற எழுத்துக்கு எதிரே, ஊழியரின் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து அச்சாகியிருக்கும். பெரிய நிறுவனங்கள் இதைக் காட்ட வேண்டும் என்று ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரே கட்டாயமாக்கியது. வரி கணக்கில் அதற்கு வேலை இல்லாததால் யாரும் அந்தப் பெட்டியைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதைப் படித்தால், போன வருடப் படிவத்தை எடுத்து அந்த எண்ணை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வேலை போனால் பார்த்தே ஆக வேண்டும். கோப்ரா என்று ஒரு சட்டம் இருக்கிறது. வேலை இழந்தவர் பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதன் மேல் நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதம் வரையிலும், அவரே கட்ட வேண்டும். நாம் பார்த்த குடும்பத்துக்கு அது மாதம் 1,749 டாலர், அதுவும் சம்பளம் நின்றுபோன மாதத்தில். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் புது வேலை தேடிக்கொள்ள அறுபது நாள் கெடு வேறு ஓடத் தொடங்கிவிடும். காப்பீட்டை வேலையோடு முடிச்சுப் போட்டதன் கொடுமையை அந்த வாரங்களில் நேராகப் பார்க்கலாம்.

அந்த முடிச்சை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது விலைவாசி ஏறாமல் இருக்க 1942-ல் சம்பளங்களுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். காப்பீடு போன்ற சலுகைகளுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு இருந்தது. ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. நிறுவனம் கட்டும் பிரீமியத்துக்கு ஊழியர் வரி கட்ட வேண்டாம் என்பது 1954 வரிச் சட்டத்தில் எழுத்தாகவே வந்துவிட்டது. இதற்கு நடுவில் 1945-ல் அதிபர் ட்ரூமன் நாடு முழுமைக்கும் தேசியக் காப்பீடு கொண்டுவரப் பார்த்தார். மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று சொல்லித் தோற்கடித்தது. 1965-ல் லிண்டன் ஜான்சன் முதியோருக்கு மெடிகேரும் ஏழைகளுக்கு மெடிகெய்டும் கொண்டுவந்தார். நடுவில் இருப்பவர்கள், இன்றைக்குச் சுமார் 15 கோடிப் பேர், வேலை தரும் நிறுவனத்தையே நம்பி இருக்கிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நேர்மையான முயற்சி 2008 தேர்தலில் நடந்தது, அதுவும் குடியரசுக் கட்சியிலிருந்து. அந்தக் கட்சியின் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், நிறுவனம் கட்டும் பிரீமியத்தையும் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவோம், பதிலுக்குக் குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிச் சலுகை தருவோம், அதை வைத்து அவரவர் காப்பீட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்றார். வரிவிலக்கு என்பது அதிக வரி அடுக்கில் இருப்பவருக்கே அதிக லாபம் தரும். எல்லோருக்கும் ஒரே அளவுச் சலுகை அதைவிட நியாயம். அந்த யோசனையின் அடிப்படை சரி. உடம்புக்கு முடியாதவருக்கு எந்தக் கம்பெனி பாலிசி தரும் என்ற கேள்விக்கு அவரிடம் போதுமான பதில் இல்லை என்பதுதான் குறை. எதிர்த்து நின்ற ஒபாமா அந்தக் குறையைச் சுட்டியதோடு நிற்கவில்லை. உங்கள் காப்பீட்டுக்கே வரி போடப் பார்க்கிறார் என்று ஊர் ஊராக விளம்பரம் செய்தார். இரண்டே வருடத்தில் அவருடைய சொந்தச் சட்டத்திலும் விலை உயர்ந்த பாலிசிகளுக்கு 40 சதவீத வரி ஒன்று இடம்பெற்றது. தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் அதை ஒன்றாக எதிர்த்தன. தள்ளித் தள்ளிப் போட்டு, ஒரு நாள்கூட அமலுக்கு வராமலேயே 2019 டிசம்பரில் ரத்து செய்துவிட்டார்கள்.

இனி 2019 அக்டோபர் 15-ஆம் தேதி விவாதத்துக்கு வருகிறேன். ஒஹாயோவில் வெஸ்டர்வில் என்ற ஊரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் அரசே காப்பீடு தரும் 'மெடிகேர் ஃபார் ஆல்' திட்டத்துக்காக நடுத்தர வர்க்கத்தின் வரியை உயர்த்துவீர்களா என்று எலிசபெத் வாரனிடம் கேட்டார்கள். நடுத்தரக் குடும்பங்களின் மொத்தச் செலவு குறையும் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில். ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்வி என்று பீட் புட்டஜெஜ் குத்தினார். வரி கூடும், ஆனால் பிரீமியம் இல்லாமல் போவதால் பெரும்பாலோருக்கு மிச்சமே என்று பெர்னி சாண்டர்ஸ் ஒப்புக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வரி கூடுமா என்று கேட்ட அதே மூச்சில், பிரீமியம் எவ்வளவு குறையும் என்றும் கேட்டிருக்க வேண்டும். சாண்டர்ஸ் முன்வைத்த வழிகளில் ஒன்று, நான்கு பேர் குடும்பத்துக்கு முதல் 29,000 டாலரை விட்டுவிட்டு மீதிக்கு 4 சதவீதம். நிறுவனத்துக்குச் சம்பளத் தொகையில் 7.5 சதவீதம். நம்முடைய 60,000 டாலர் குடும்பத்துக்கு இது 1,240 டாலர். நிறுவனத்துக்கு அதிகபட்சம் 4,500. இரண்டும் சேர்ந்தால் 5,740 டாலர். பழைய பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 'வரி உயர்வு' என்ற தலைப்பில் எழுதினால் இந்தக் குடும்பத்தின் வரி பூஜ்யத்திலிருந்து 1,240-க்கு ஏறிவிட்டது என்றுதான் வரும்.

அதற்காக சாண்டர்ஸின் கணக்கு சரியாகிவிடாது. அந்தத் திட்டத்தால் மத்திய அரசுக்குப் பத்து ஆண்டில் 32 முதல் 34 லட்சம் கோடி டாலர் வரை கூடுதல் செலவு என்று வெவ்வேறு சார்புள்ள ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டன. அவர் பட்டியலிட்ட வரிகள் அந்த அளவுக்கு வரவில்லை. மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தரும் கட்டணம் தனியார் காப்பீடு தருவதைவிட மிகக் குறைவு. எல்லோருக்கும் அதே கட்டணம் என்றால் எத்தனை சின்ன ஊர் மருத்துவமனைகள் தாங்கும் என்பதும் நியாயமான கவலை. வாரன் நவம்பர் 1-ஆம் தேதி தன் கணக்கை வெளியிட்டார். 20.5 லட்சம் கோடி டாலர் போதும், நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு காசு வரி கிடையாது என்றார். அதில் பெரும் பங்கு, நிறுவனங்கள் இப்போது காப்பீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை அப்படியே அரசுக்குக் கட்டுவதிலிருந்து வருவது. வரி என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காக, பழைய தலைவரியையே வேறு கணக்கில் தொடரவிட்டார்.

சரி, பணக்காரர்களின் சொத்து எங்கே வருகிறது? நடுத்தர வர்க்கத்திடம் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு பணம் வர ஒரே ஒரு திசைதான் மிச்சம். அங்கே கேட்பதற்கு நியாயமும் உண்டு. 2012-ல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற மிட் ராம்னி வெளியிட்ட கணக்கில், 2010-ல் அவர் வருமானம் 2.17 கோடி டாலர், கட்டிய மத்திய வருமான வரி 13.9 சதவீதம். அவர் சட்டத்தை மீறவில்லை. முதலீட்டு லாபத்துக்கு அப்போது 15 சதவீதம்தான் வரி. சம்பளத்துக்கு அதிகபட்ச வரி 35 சதவீதம். பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் அலுவலகத்தில் வேலை செய்பவர்களைவிடத் தன் வரிச் சதவீதம் குறைவு என்று 2011-ல் வெளிப்படையாக எழுதியதும் இதைத்தான்.

அதே ராம்னி ஒரு நிதி திரட்டும் விருந்தில், 47 சதவீதம் பேர் வருமான வரியே கட்டுவதில்லை, அவர்கள் அரசை நம்பி இருப்பவர்கள் என்று பேசியது வீடியோவாக வெளியானது. அந்தச் சதவீதம் கிட்டத்தட்ட உண்மை. ஆனால் மேலே நாம் பார்த்த குடும்பம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. முழுநேரம் உழைத்து, சம்பள வரி கட்டி, மொத்த ஊதியத்தில் கால் பங்குக்கு மேல் மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுக்கும் குடும்பத்தை அரசை நம்பி இருப்பவர்கள் என்று சொன்னதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பிரீமியத்தைக் கணக்கில் சேர்க்காததால் வந்த வினை இது.

பெரும் செல்வந்தர்களிடம் இன்னொரு வசதியும் உண்டு. பங்கின் விலை எவ்வளவு ஏறினாலும் விற்கும் வரை வரி இல்லை. விற்காமல் அதை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கிச் செலவு செய்யலாம். இறந்துவிட்டால், வாரிசுக்கு அந்தப் பங்கு இறந்த நாளின் விலையில் போய்ச் சேரும். அதுவரை ஏறிய லாபத்துக்கு வருமான வரி யாரும் கட்டப் போவதில்லை. இதற்கு மருந்தாகத்தான் எலிசபெத் வாரன், 5 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், 100 கோடிக்கு மேல் 3 சதவீதம் என்று செல்வ வரி கேட்டார். மருத்துவத் திட்டத்துக்காக மேல் அடுக்கை 6 சதவீதமாக்கினார்.

இதில் நான் வாரனோடு இல்லை. அமெரிக்க அரசியல் சாசனப்படி நேரடி வரியை மாநில மக்கள்தொகை விகிதத்தில் பங்கிட வேண்டும். 1895-ல் உச்ச நீதிமன்றம் வருமான வரியையே இந்தக் காரணம் சொல்லித் தள்ளியது. 1913-ல் 16-ஆவது திருத்தம் வந்த பிறகுதான் அது நிலைத்தது. சொத்துக்கு அப்படி ஒரு திருத்தம் இல்லை. அதோடு, பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத கம்பெனிக்கு, ஓவியத்துக்கு, காப்புரிமைக்கு வருடா வருடம் விலை போடுவது பெரும்பாடு. 1990-ல் பன்னிரண்டு வளர்ந்த நாடுகளில் செல்வ வரி இருந்தது. 2017-ல் நான்கில்தான் இருந்தது. இந்தியாவிலும் 1957-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். கடைசியில் அதன் வசூல் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது. வாரிசுக்குப் போகும்போது லாபம் மறைந்துபோகும் அந்த ஒரு ஓட்டையை அடைப்பது எளிது, சட்டச் சிக்கலும் குறைவு. பைடன் 2021-ல் அதை முயன்றார். அவருடைய கட்சியிலேயே போதிய ஆதரவு இல்லை.

வரியும் சொத்தும் மருத்துவமும் ஒன்றுதான் என்பதற்கு ஒபாமாகேரைவிடச் சாட்சி வேண்டாம். தம்பதிக்கு 2,50,000 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் முதலீட்டு லாபத்தின் மேல் 3.8 சதவீத வரி. அந்தச் சட்டத்துக்குப் பணம் வந்த வழிகளில் அது முக்கியமானது. காப்பீடு வாங்காதவர்களுக்கு அபராதமும் இருந்தது. 2012 ஜூன் 28-ல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், அந்த அபராதம் ஒரு வரி, வரி விதிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லித்தான் 5-4 என்ற கணக்கில் அதைக் காப்பாற்றினார். 2017 மே மாதம் கீழவையில் நிறைவேறிய, ஒபாமாகேரை ரத்து செய்யும் மசோதாவைப் பாருங்கள். முதலீட்டு லாபத்தின் மேல் இருந்த அந்த 3.8 சதவீத வரியை அது நீக்கியது. அதே மசோதாவால் பத்தாண்டில் 2.3 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. மேலவைக்கு வந்த சுருக்கமான வடிவத்தை ஜூலை 28 விடியற்காலையில் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டித் தோற்கடித்தார். அப்படியும் டிசம்பரில் வந்த வரிக்குறைப்புச் சட்டம் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. அதனால் காப்பீட்டுக்கு வருபவர்கள் குறைந்து அரசுக்கு மானியத்தில் மிச்சமாகும் 30,000 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை, வரிக்குறைப்பின் ஒரு பகுதியை ஈடுகட்டியது.

யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். காப்பீட்டை வேலையிலிருந்து பிரிக்க வேண்டும் என்றதில் மெக்கெய்ன் சரி. வரி கூடும் என்று ஒளிக்காமல் சொன்னதில் சாண்டர்ஸ் சரி. முப்பது லட்சம் கோடிக்கு மேலான செலவைக் கோடீஸ்வரர்களிடம் மட்டும் வாங்கிவிடலாம் என்பது நடக்காது. ஜெர்மனியோ பிரான்ஸோ டென்மார்க்கோ எதுவும் அப்படிச் செய்யவில்லை, அங்கெல்லாம் நடுத்தர வர்க்கமும் வருமானத்துக்கு ஏற்பக் கட்டுகிறது. அதே நேரம், இன்றைய ஏற்பாட்டில் வரி குறைவு என்று பெருமைப்படுவதும் உண்மையல்ல. 2024-ல் அந்தச் சராசரிக் குடும்பப் பிரீமியம் 25,572 டாலர் ஆகிவிட்டது. எந்தக் கட்சியும் வாக்கெடுத்து இந்த ஏற்றத்தைக் கொண்டுவரவில்லை, அதனால் எந்தக் கட்சியும் அதற்குப் பதில் சொல்லவும் இல்லை.

அடுத்த தேர்தலில் எதைக் கவனிக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் டிப்ஸ் பணத்துக்கு வரி இல்லை என்று டிரம்ப் லாஸ் வேகஸில் அறிவித்தார். கமலா ஹாரிஸும் அதே ஊரில் அதே வாக்குறுதியைக் கொடுத்தார். 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் அது வந்தது: 25,000 டாலர் வரை கழிவு, 2025 முதல் 2028 வரை. அதே சட்டம் மெடிகெய்டிலிருந்து பெருந்தொகையை வெட்டியது. மெடிகெய்டு பெறும், வேலை செய்யும் வயதுள்ளவர்களில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2027 ஜனவரிக்குள் அமலாக வேண்டும், அதாவது 2026 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல் முடிந்த பிறகு. இந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்பது பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. ஓட்டலில் பரிமாறும் ஒரு பெண்ணுக்கு டிப்ஸ் கழிவால் சில நூறு டாலர் மிச்சமாகலாம். வேலை நேரம் சீராகக் கிடைக்காத மாதத்தில் அவருடைய மெடிகெய்டு போய்விடவும் கூடும். 2028-ல் மேடையேறுபவர்களிடம் இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும். அந்த வருடக் கடைசியில்தான் டிப்ஸ் சலுகையும் காலாவதியாகிறது.